நேரம் கேட்க போன் போட்ட ரூட்டர்கள்

இன்னைக்கு நெட்வொர்க்கோட கடிகாரத்தைப் பத்திப் பேசப் போறோம். குறிப்பா, போன் லைன் வழியா மட்டும் வெளியுலகத்தோட பேசின ரூட்டர்கள் மணி என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டதுங்கிற கதை. "இதுல என்னடா கதை இருக்கு?"ன்னு உங்களுக்குத் தோணலாம். 2019 வரைக்கும் எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

2019ல இன்ஜினியரிங் முடிச்சு முதல் வேலை, நெட்வொர்க் சப்போர்ட். ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கிளையில பில்லிங் ஓடல, மெயின் லைன் டவுன். சிசிடிவியைப் பார்த்திருக்காங்க. விடிகாலை அஞ்சு மணிக்கு நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி அண்ணன் ரூட்டர் இருக்கிற ரூமுக்குள்ள போயிட்டு வர்றார். அது போதும்னு ஆயிடுச்சு. "போனுக்கு சார்ஜ் போட ரூட்டர் பிளக்கைப் பிடுங்கியிருக்கான்"னு மேனேஜர் முடிவே பண்ணிட்டார். வேற ஆளை அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்கு போனும் போயிடுச்சு.

லாகைப் பார்த்து எத்தனை மணிக்கு ரூட்டர் ஆஃப் ஆச்சுன்னு சொல்றது என் வேலை. திறந்து பார்த்தா எல்லா வரியும் மார்ச் 1ன்னு ஆரம்பிக்குது. வருஷம் 1993. நான் பிறக்கிறதுக்கே முன்னாடி. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி வேற. "இந்த நேரத்தை நம்பாதே"ங்கிறதுக்கு ரூட்டர் வச்சிருக்கிற அடையாளம் அது.

"லாக் வேஸ்ட் அண்ணா"ன்னு சீனியர் கிட்ட சொன்னேன். அவர், "வேஸ்ட் எல்லாம் இல்ல தம்பி. இப்ப மணி என்னன்னு அது கிட்டயே கேளு"ன்னார். கேட்டேன். மார்ச் 1, பகல் 11:52ன்னு சொல்லுச்சு. எங்க சுவர்க் கடிகாரத்துல பகல் 2:37. "ரெண்டையும் கழி"ன்னார். 2 மணி 45 நிமிஷம் வந்தது. ரூட்டரோட கடிகாரம் ஆன் ஆகும்போது நள்ளிரவு பன்னிரண்டுன்னு நினைச்சுத்தான் ஓட ஆரம்பிக்கும். அப்படின்னா அது கண் முழிச்சது விடிகாலை 2:45க்கு. அதுக்கு அப்புறம் ஒரு தடவைகூட ஆஃப் ஆகல. ஆகியிருந்தா கணக்கு மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கும். நல்லவேளையா, காலையில யாரும் வழக்கம்போல ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கல.

ஜெனரேட்டர் ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொன்னோம். ராத்திரி கரண்ட் போய், 2:40 வாக்குல வந்ததா எழுதியிருந்தது. கரண்ட் வந்ததும் ரூட்டர் எழுந்திருச்சு, லைன்காரங்க வச்சிருந்த மோடம் எழுந்திருக்கல. அஞ்சு மணிக்கு உள்ள போன அண்ணன் எதையும் தொடல. ஏஜென்சிக்கு மறுபடி போன் போட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவர் ட்யூட்டிக்கு வந்தார். யாரும் அவர் கிட்ட மன்னிப்பு கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் நின்னுச்சு. ரூட்டருக்கு ஏன் நேரம் தெரியல? கான்ஃபிகரேஷனைப் புரட்டினேன். அதுல ஒரு வரி: டினை, யுடிபி, எனி, எனி, ஈக்யூ, என்டிபி. என்டிபின்னா நெட்வொர்க் டைம் புரோட்டோகால், இணையத்துல கடிகாரத்தைச் சரி பண்ற முறை. டினைன்னா மறுத்துடு. "அண்ணா, எவனோ நேரத்தையே பிளாக் பண்ணி வச்சிருக்கான்!" சீனியர் சிரிச்சார். "அது பிளாக் இல்ல தம்பி. அது ஒரு காலத்து போன் பில்."

அந்தப் பதில் புரிய நான் 1980கள் வரைக்கும் பின்னாடி போக வேண்டியிருந்தது.

ரூட்டருக்குத்தான் முதல்ல கடிகாரம் வேணும்னு இருந்தது

என்டிபியை உருவாக்கினவர் டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண்ணழுத்த நோய், பார்வை குறைவு; பிற்காலத்துல முழுசாவே போயிடுச்சு. காம்சாட்ல வேலை பார்த்தவர், பிறகு டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2024 ஜனவரி 17 அன்னைக்கு, 85 வயசுல காலமானார்.

மில்ஸ் சின்ன கம்ப்யூட்டர்கள்ல ஓடுற ஒரு ரூட்டர் மென்பொருள் எழுதினார். பேர் ஃபஸ்பால். 1986ல அமெரிக்காவோட என்எஸ்எஃப்நெட் முதுகெலும்பு தொடங்கினப்ப, சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை இணைச்சது இந்த ஃபஸ்பால் ரூட்டர்கள்தான். லைனோட வேகம் செகண்டுக்கு 56 கிலோபிட். பிற்காலத்துல நம்ம வீட்டு டயல்-அப் மோடம் பெட்டி மேல போட்டிருந்த அதே எண். ஒரு நாட்டோட ஆராய்ச்சி நெட்வொர்க்கே அதுல ஓடுச்சு.

அந்த ரூட்டர்கள் வழி தேர்ந்தெடுக்க ஹலோன்னு ஒரு முறையைப் பயன்படுத்தின. எந்த வழியில தாமதம் குறைவோ அந்த வழியில பாக்கெட்டை அனுப்பு, அவ்வளவுதான் விதி. ஆனா தாமதத்தை அளக்கணும்னா, அனுப்பினவன் கடிகாரமும் வாங்கினவன் கடிகாரமும் ஒத்துப்போகணும். ஒருத்தன் கடிகாரம் ரெண்டு செகண்ட் முந்தி ஓடினா, நல்ல வழி கெட்ட வழியாத் தெரியும். நேரம் தப்பினா பாதையே தப்பும். என்டிபியோட முதல் ஆவணம் 1985 செப்டம்பர்ல வந்தது, ஆர்எஃப்சி 958.

அதோட அடிப்படை ரொம்ப எளிமை. கேட்கிறவன் புறப்பட்ட நேரம், சர்வர் வாங்கின நேரம், சர்வர் திருப்பி அனுப்பின நேரம், பதில் வந்து சேர்ந்த நேரம். நாலே எண்கள். போகவும் வரவும் சம நேரம் ஆச்சுன்னு வச்சுக்கிட்டா, என் கடிகாரம் எவ்வளவு தப்புன்னு இந்த நாலுல இருந்து கணக்குப் போட்டுடலாம்.

அந்த 'சம நேரம்'ங்கிற இடத்துலதான் போன் லைன் காலை வாரும். நீங்க ஒரு ஃபைல் டவுன்லோடு பண்றீங்க. 28.8 கிலோபிட் மோடத்துல 1500 பைட் பாக்கெட் ஒண்ணு கடந்து வரவே கிட்டத்தட்ட 0.4 செகண்ட். அப்படி அஞ்சு பாக்கெட் வரிசையில நின்னா, அதுக்குப் பின்னாடி என்டிபி பதில் 2 செகண்ட் காத்து நிக்கும். போகும்போது ரோடு காலி, வரும்போது டிராஃபிக். கணக்குல அந்த ரெண்டு செகண்டுல பாதி, அதாவது ஒரு செகண்ட், உங்க கடிகாரத்தோட தப்பா விழும்.

மில்ஸ் இதுக்கு வச்சிருந்த வழி: கடைசி எட்டு பதிலை வச்சுக்கோ, அதுல தாமதம் மிகக் குறைவா இருந்ததை மட்டும் நம்பு. சீக்கிரம் வந்தவன் வழியில எங்கேயும் மாட்டிக்கல, அதனால அவன் சொல்றது உண்மைக்குப் பக்கத்துல இருக்கும். மணிக்கணக்கா டவுன்லோடு ஓடுற மோடம் லைனுக்குன்னே பிறகு தனியா ஒரு வடிகட்டியும் என்டிபிக்குள்ள வந்தது. பேர் ஹஃப்-என்-பஃப். சில மணி நேரத்துல கிடைச்ச மிகக் குறைஞ்ச தாமதத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு, அதுக்கு மேல வர்ற தாமதம் எல்லாம் ஒரு பக்க நெரிசல்னு கழிச்சுடும்.

76 பைட்டுக்கு ஒரு போன் கால்

இதுவரைக்கும் சொன்னது லைன் எப்பவும் இணைப்புல இருந்த கதை. 1990கள்ல இன்னொரு வகை ரூட்டர் பரவுச்சு. கிளை அலுவலகத்துக்கு எப்பவும் இருக்கிற லீஸ்டு லைன் எடுத்தா விலை கட்டுப்படி ஆகாது. அதனால ஐஎஸ்டிஎன்ங்கிற டிஜிட்டல் போன் லைன், இல்லைன்னா சாதா மோடம். அனுப்ப பாக்கெட் இருந்தா ரூட்டரே தலைமை அலுவலகத்துக்கு டயல் பண்ணும். கொஞ்ச நேரம் எதுவும் போகலைன்னா போனை வச்சுடும். டயல்-ஆன்-டிமாண்ட் ரூட்டிங்னு பேர். பேசின நிமிஷத்துக்கு மட்டும் காசு.

இப்ப இதுல என்டிபியை விடுங்க. ஒரு என்டிபி பாக்கெட் 48 பைட். யுடிபி, ஐபி தலைப்பு சேர்த்தா 76 பைட். 64 கிலோபிட் ஐஎஸ்டிஎன் லைன்ல அது போக 10 மில்லி செகண்ட்கூட ஆகாது. ஆனா என்டிபி ஆரம்பத்துல 64 செகண்டுக்கு ஒரு தடவை கேட்கும். சிஸ்கோ ரூட்டர்கள்ல, எதுவும் போகலைன்னா போனை வைக்கிறதுக்கான காத்திருப்பு, நாம மாத்தாம விட்டா, 120 செகண்ட். புரியுதா? 120 முடியுறதுக்குள்ள அடுத்த "மணி என்ன?" கிளம்பிடும். லைன் கட் ஆகவே ஆகாது. ஆபீஸ்ல யாருமே இல்லாத ஞாயித்துக்கிழமையும் மீட்டர் ஓடும்.

கடிகாரம் நிலைப்பட்ட பிறகு என்டிபி பொறுமையாகும். இடைவெளி 1024 செகண்ட் வரைக்கும் போகும், சுமார் 17 நிமிஷம். அப்பவும் ஒரு நாளைக்கு 84 கால். ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷம் திறந்திருந்தா 168 நிமிஷம். மாசத்துக்கு 84 மணி நேர போன் பில், மணி கேட்கிறதுக்கு மட்டும்.

மோடமா இருந்தா அது டயல் பண்ற சத்தம் ஊருக்கே கேட்கும். சின்ன வயசுல எங்க வீட்ல நெட் போட்டா தெருவுக்கே தெரியும். அம்மா "போன் எங்கேஜ்னு வருதாம், அதை நிறுத்துடா"ன்னு அப்பாவையே அதட்டுவாங்க. ஐஎஸ்டிஎன் அப்படி இல்ல. சத்தமே போடாம ஓரிரு செகண்ட்ல இணைஞ்சுடும், அதே மாதிரி கட் ஆயிடும். மாசக் கடைசியில பில் வரும்போதுதான் தெரியும்.

இதுக்குக் கண்டுபிடிச்ச மருந்துதான் நான் பார்த்த அந்த வரி. சிஸ்கோவோட டயலர் லிஸ்ட்ல ரெண்டு வகை பாக்கெட் உண்டு: சுவாரசியமானது, சுவாரசியமில்லாதது. நிஜமாவே அதுதான் அவங்க வச்ச பேர். சுவாரசியமான பாக்கெட் வந்தா ரூட்டர் டயல் பண்ணும். சுவாரசியமில்லாதது வந்தா டயல் பண்ணாது. ஆனா வேற காரணத்துக்காக லைன் ஏற்கனவே திறந்திருந்தா, இதையும் கூட அனுப்பிடும். போனை வைக்கிற கணக்கையும் இதுக்காகத் தள்ளிப்போடாது. டயலர் லிஸ்ட்ல டினைன்னு எழுதினா 'தடை'ன்னு அர்த்தம் இல்ல, 'இதுக்காகத் தனியா போன் போடாதே'ன்னு அர்த்தம்.

நம்ம ஊர்ல பக்கத்து வீட்டு மாமா டவுனுக்குப் போறார்னா, "வரும்போது இதையும் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லி விடுவோம்ல. இதுக்குன்னு தனியா பஸ் ஏற மாட்டோம். அதே யோசனைதான். யாராவது மெயில் எடுக்க லைன் திறந்தா, அதோட சேர்ந்து நேரமும் வந்துடும்.

இதுல ஒரு ஓட்டை இருந்தது. அந்தக் காலத்து சின்ன ரூட்டர்கள் பலதுல பேட்டரி கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தா, உள்ளே எழுதி வச்ச தேதிக்குப் போயிடும். அடுத்த தடவை யாராவது லைனைத் திறக்கிற வரைக்கும் அது பழைய காலத்துலேயே வாழும். விபிஎன் சான்றிதழ் சரிபார்க்கிற ரூட்டரா இருந்தா இன்னும் மோசம். சான்றிதழ் செல்லுபடியாகிற நாளே இன்னும் வரலைன்னு அது நினைக்கும், இணைப்பை மறுக்கும். இணைப்பு இல்லாம நேரம் கிடைக்காது, நேரம் இல்லாம இணைப்பு கிடைக்காது.

எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சா போதும்

அப்ப கொஞ்சமா கேட்டு நிறைய தெரிஞ்சுக்கிறது எப்படி? ரெண்டு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது.

முதல் வழியில இன்டர்நெட்டே வேண்டாம். அமெரிக்காவோட தேசிய அளவீட்டு நிறுவனம் நிஸ்ட், 1988ல கொலராடோவுல போல்டர் ஊர்ல இருந்து ஏக்ட்ஸ்னு ஒரு சேவை தொடங்குச்சு. மோடத்துல அவங்களுக்கு போன் போட்டா நேரத்தை எழுத்தா அனுப்புவாங்க. வரி முடிவுல ஒரு நட்சத்திரக் குறி வரும். அது வந்து சேர்ற கணம்தான் அந்த நேரம். வழியில ஆகிற தாமதத்துக்காக அந்தக் குறியை 45 மில்லி செகண்ட் முன்கூட்டியே அனுப்பிடுவாங்க. உங்க பக்கத்து கம்ப்யூட்டர் அந்தக் குறியை அப்படியே திருப்பி அனுப்பினா, போய் வர எவ்வளவு ஆச்சுன்னு நிஸ்ட் அளந்து, உங்க லைனுக்கு ஏத்த மாதிரி முன்னாடி அனுப்பும். சரி பண்ணியாச்சுன்னு சொல்ல நட்சத்திரம் ஹேஷ் குறியா மாறும். நாளைக்கு ஒரு கால் போட்டாலே நிறைய பேருக்குப் போதும்.

ரெண்டாவது வழி குரோனி. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் கர்னோ 1990களோட பிற்பகுதியில எழுதின மென்பொருள். எப்பவாவது மட்டும் இணையத்துல இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டரை மனசுல வச்சு எழுதினது. அதுக்கு ஆன்லைன், ஆஃப்லைன்னு ரெண்டு கட்டளை உண்டு. டயல்-அப் இணைஞ்சதும் தானா ஓடுற ஸ்கிரிப்ட்ல ஆன்லைன்னு எழுதி வைப்போம், கட் ஆகும்போது ஓடுறதுல ஆஃப்லைன்னு. இணைப்புல இருக்கிற கொஞ்ச நேரத்துல அது மணியை மட்டும் பார்க்காது, 'நான் எவ்வளவு வேகமாத் தப்பிப் போறேன்?'னு கணக்கெடுக்கும்.

அதுதான் விஷயம். ஒரு சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துல 50 பங்கு தப்பினா, ஒரு நாளைக்கு 4.3 செகண்ட் விலகும். ஆனா அது இன்னைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தப்பும், நாளைக்கும் அதே பக்கம் தப்பும். அந்தத் தப்போட வேகத்தைப் பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமா அளந்து டிஸ்க்ல எழுதி வச்சுட்டா, யாரையும் கேட்காம ஒரு நாள் முழுக்க ஓடினாலும் பிழை 0.1 செகண்டுக்குள்ள. சீனியர் என்னைக் கழிக்கச் சொன்னதும் இதே தத்துவம்தான். கடிகாரம் சரியா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சிருக்கணும்.

டயல்-அப் போயிடுச்சு, குரோனி போகல. 2014ல வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7ல அதுதான் இயல்பான கடிகார மென்பொருள். அடிக்கடி தூங்கி எழுந்திருக்கிற லேப்டாப்புக்கும் வெர்ச்சுவல் மெஷினுக்கும் அதே பழைய டயல்-அப் பிரச்சினைதானே?

பில் வேற வீட்டுக்குப் போனப்ப

இப்ப கதையோட மறுபக்கம். பிராட்பேண்ட் வந்தது. லைன் எப்பவும் ஆன். மணி கேட்டா காசு இல்ல. அப்ப என்ன ஆச்சு?

2003 மே மாசம். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துல பொதுமக்களுக்காக நடத்தின ஒரு என்டிபி சர்வருக்கு வெள்ளம் மாதிரி பாக்கெட் வர ஆரம்பிச்சது. தாக்குதல்னு நினைச்சாங்க. தேடிப் பார்த்தா, நெட்கியரோட நாலு மாடல் வீட்டு ரூட்டர்களுக்குள்ள இந்த சர்வரோட முகவரி நேரடியா எழுதப்பட்டிருக்கு. பல்கலைக்கழகத்தை யாரும் கேட்கவே இல்ல. பதில் கிடைக்கலைன்னா ஒவ்வொரு செகண்டும் மறுபடி கேட்கும். பல்கலைக்கழகம் அந்தப் பாக்கெட்டுகளைத் தடுத்தது. தடுத்ததால பதில் போகல, பதில் போகாததால இன்னும் அதிகமாக் கேட்டுச்சு. ஜூன்ல செகண்டுக்கு 2,50,000 பாக்கெட், 150 மெகாபிட்டுக்கு மேல. கடைசியில நெட்கியர் பல்கலைக்கழகத்துக்கு 3,75,000 டாலர் கொடுத்தது.

ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட அதே கதை டென்மார்க்ல. பால்-ஹென்னிங் கேம்ப் தன் நாட்டு நெட்வொர்க்குகளுக்காக நடத்தின சர்வரோட முகவரி டி-லிங்க் கருவிகளுக்குள்ள இருந்தது. 2006ல அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார், பிறகு சமரசம் ஆச்சு. அதே 2006 ஜனவரியில மில்ஸ் எழுதின ஆர்எஃப்சி 4330, 15 செகண்டுக்குள்ள திரும்பக் கேட்கக் கூடாது, பதில் வரலைன்னா இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போகணும்னு ஒழுங்கு விதிகளை எழுத்துல வச்சது. 2003ல அட்ரியன் ஃபான் பிடர் தொடங்கின என்டிபி பூல், தன்னார்வலர்களோட சர்வர்கள் நிறைய பேருக்கு இடையில இந்தச் சுமையைப் பிரிச்சுக் கொடுக்குது.

டயல்-அப் காலத்துல 76 பைட்டுக்கு எவ்வளவு யோசிச்சாங்கன்னு பார்த்தோம். அந்த இன்ஜினியர்கள் நம்மள விட நல்லவங்கன்னு நான் சொல்லல. பில் அவங்க மேஜைக்கே வந்தது, அதனால கவனமா இருந்தாங்க. பிராட்பேண்ட்லயும் அந்தச் செலவு இருக்கத்தான் செஞ்சது. கேட்கிறவன் வீட்டுக்கு வராம, பதில் சொல்றவன் வீட்டுக்குப் போச்சு. கண்ணுக்குத் தெரியாத செலவுன்னு வந்ததும் செகண்டுக்கு ஒரு தடவை கேட்கிற மாதிரி நாம எழுதிட்டோம். இன்னைக்கு நான் எழுதுற கோட்ல ஒரு ரீட்ரை லூப் வந்தா, இந்த பில் யார் வீட்டுக்குப் போகும்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்.

எங்க கிளை ரூட்டருக்கு வருவோம். டினை வரியை அழிச்சுட்டா சரியாயிடும்னு நான் சொன்னேன். சீனியர் விடல. "அந்த வரி என்ன தப்பு பண்ணுச்சு? லைன் இருந்தா அது நேரத்தை விட்டுடும்டா"ன்னார். உண்மைதான். பேக்கப்புக்குன்னு வச்சிருந்த டயல் லைனையே எப்பவோ சரண்டர் பண்ணியிருந்தாங்க. மெயின் லைனும் போனதும் ரூட்டருக்கு வெளியே போக வழியே இல்ல. காலையில செக்யூரிட்டி அண்ணன் மேல பழி போட்ட மாதிரி, மத்தியானம் நான் அந்த வரி மேல போட்டிருக்கேன்.

கடைசியில நாங்க பண்ணது சின்ன வேலை. அதே கிளையில பேட்டரி கடிகாரத்தோட ஒரு பில்லிங் சர்வர் இருந்தது. லைன் போனாலும் ரூட்டர் அது கிட்ட மணி கேட்டுக்கிற மாதிரி வச்சோம். அடுத்த தடவை கரண்ட் போய் வந்தப்ப லாக்ல சரியான தேதி இருந்தது. யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கல.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஏன்னு தெரியாத ஒரு பழைய வரி இருந்தா, அழிக்கிறதுக்கு முன்னாடி கதையை விசாரிச்சு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.